ஜாங்கோ வாசிக்கப் பட்டப்படிப்பு: ராட்டர்டாமா, பாரிஸ் பக்கமா, பாஸ்டனா?

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிட்டாருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து நாற்பது வருடம் ஆகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் இசைக் கல்லூரி 1985-லேயே ஃபிளமெங்கோ கலைஞர் பாக்கோ பென்யாவை அழைத்து அந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டது. இன்று கோடார்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் அதே கல்லூரியில் ஹரிபிரசாத் சௌராசியாவின் தலைமையில் இந்துஸ்தானி இசையும் நடந்தது. பிரான்சின் ஜிப்சி கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட் உருவாக்கிய ஜிப்சி ஜாஸுக்கு மட்டும், எனக்குத் தெரிந்தவரை, அந்த மாதிரி தனிப் படிப்பு எங்கும் நிலையாக அமையவில்லை. பெரிய கல்லூரி எதில் சேர்ந்தாலும் நீங்கள் உட்காரப்போவது பொதுவான ஜாஸ் கிட்டார் வகுப்பில்தான். அங்கே போனபிறகு உங்கள் வலது கை தப்பிக்குமா என்பதை வைத்துத்தான் கல்லூரிகளை ஒப்பிட வேண்டும்.

வலது கையை ஏன் சொல்கிறேன்? ஜாஸ் வகுப்பில் பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகட்டை, மேலும் கீழும் மாறிமாறி அடிக்கப் பழக்குவார்கள். ஜாங்கோ பாணியில் மணிக்கட்டு வளைந்து அந்தரத்தில் நிற்கும். கீழ்நோக்கி அடித்ததும் பிக் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கும். கம்பி மாறும்போதெல்லாம் மறுபடி கீழ் அடிதான். மைக் இல்லாமல் சத்தம் வர வேண்டும் என்பதற்காக அமைந்த முறை இது. இந்தப் பாணிக்கென்றே வெகன் (Wegen) நிறுவனம் செய்யும் பிக் 3.5 மில்லிமீட்டர் தடிமன், கிட்டத்தட்ட சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். முதல் வாரம் அதைப் பிடித்தபோது வாசிக்கிறேனா, தேங்காய் உடைக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

அப்புறம் 'லா பொம்ப்' என்கிற தாளம். டிரம்ஸ் கிடையாது, கிட்டார்தான் டிரம்ஸ். இரண்டாவது, நான்காவது அடியில் அழுத்தி அடித்து, இடது விரலைச் சட்டென்று தளர்த்தி ஒலியைக் கத்தரிக்க வேண்டும். ஏ மைனர் 6 என்ற கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் கட்டம்), நான்காவதில் நான்கு, மூன்றிலும் இரண்டிலும் ஐந்து. நாலே சுரம். அதையே அரைமணி நேரம் ஓடாமல், தேங்காமல் அடித்துப் பாருங்கள். எந்தக் கல்லூரித் தேர்விலும் இதற்கு மதிப்பெண் ஒதுக்கிப் பார்ப்பது கடினம். ஆனால் சின்ட்டி (ஐரோப்பிய ஜிப்சிகளில் ஒரு பிரிவு) குடும்பங்களில் பையன்கள் சோலோவுக்கு முன்னால் வருடக்கணக்கில் செய்வது இதைத்தான்.

சரி, இடங்களைப் பார்ப்போம்.

பாஸ்டனில் இருக்கும் பெர்க்லி பெரிய பெயர். கிட்டார் துறையே ஒரு சின்ன ஊர் மாதிரி. ரிதம் ஃபியூச்சர் குவார்டெட் என்ற ஜிப்சி ஜாஸ் குழுவின் வயலின் கலைஞர் ஜேசன் அனிக் அங்கே கற்பிக்கிறார், அதனால் இந்த இசை தெரிந்த காது ஒன்றாவது உண்டு. ஆனால் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 50,000 டாலர் அளவில். நான்கு வருடக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு ஹோட்டல் லாபியில் வாசிக்கப் போகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கதையே வேறு.

பாரிஸுக்குத் தெற்கே, டம்மாரி-லே-லீஸில் வயலின் கலைஞர் டிடியே லாக்வுட் 2001-ல் தொடங்கிய இசைப்பள்ளி இருக்கிறது. ஜாங்கோவோடு வாசித்த ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வழியில் வந்தவர் அவர். 2018-ல் காலமானார். அங்கே அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் கற்பனை வாசிப்புக்குத்தான் முதலிடம், அதனால் காதால் கற்கும் பழக்கம் அங்கே அந்நியமில்லை. ஜாங்கோ கடைசி நாட்களைக் கழித்த சமுவா-சூர்-சேன் கூப்பிடு தூரம். வருடாந்தர ஜாங்கோ விழா நடப்பதும் அந்தப் பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தால் பாரிஸை ஒட்டிய சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் 'லா ஷோப் டே பூஸ்' மதுக்கடை. அங்கே வாசிப்பவர்களின் வலது கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பிரெஞ்சு பேச வராதவருக்கு மட்டும் முதல் வருடம் திண்டாட்டம்.

என் ஓட்டு நெதர்லாந்துக்கு. ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் இரண்டிலும் ஆங்கிலத்தில் படிக்கலாம். ஜாஸ் பிரிவில் சேர்ந்து ஹார்மனி, காது பயிற்சி, அரேஞ்சிங் எல்லாம் கற்கலாம். ராட்டர்டாமிலிருந்து ஐந்தோவனுக்கு ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சம். அதை ஒட்டியதுதான் கெர்வன், ஜிப்சி ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் வாசோ க்ருன்ஹோல்ஸும் பவுலுஸ் ஷேஃபரும் உருவான சின்ட்டி குடியிருப்பு. இதே பாணியில் பெயர்பெற்ற கிட்டார் கலைஞர் ஸ்டோகெலோ ரோசன்பெர்க்கும் அந்த வட்டாரத்துக்காரர்தான். வாரநாள் கல்லூரி, வாரக்கடைசி இந்தப் பக்கம் என்று ஓட்டலாம். ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் பாஸ்டனோடு ஒப்பிட்டால் மூச்சுவிடலாம்.

பட்டமே வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது, அதைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஜிப்சி ஜாஸ் கிட்டார் கலைஞர் பிரேலி லக்ரேன் பதின்மூன்று வயதில் ஆல்பம் போட்டவர், பட்டம் வாங்கிவிட்டு வந்தவர் இல்லை. ரோசன்பெர்க்கின் இணைய வகுப்பில் அவர் விரலை நெருக்கத்தில் பார்க்கலாம். மான்ட்ரியாலின் டெனி சாங் நடத்தும் இணையப் பள்ளியும் உண்டு. அமெரிக்காவில் நார்தாம்ப்டனின் ஸ்மித் கல்லூரி வளாகத்தில் ஜூன் மாதம் 'ஜாங்கோ இன் ஜூன்' முகாம் நடக்கும். பகலில் வகுப்பு, இரவு முழுக்க மரத்தடியில் ஜாம், அதாவது எல்லோரும் கூடி வாசிப்பது. ஒரு வாரம்தான், ஆனால் அந்த ஒரு வாரத்தில் லா பொம்ப் எங்கே தடுமாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். விசாவுக்குப் பட்டப்படிப்பு தேவைப்படுகிறவருக்கும், பின்னால் பள்ளியில் ஆசிரியராகப் போக நினைப்பவருக்கும் மட்டும் இது போதாது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் கிட்டார் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் வாசித்த இரண்டு நிமிட வீடியோவை அனுப்பி, 'என் வலது கையை மாற்றச் சொல்வீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். 'முதலில் அதைத்தான் சரிசெய்வோம்' என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.