தனி ஊசல் ப்ராஜெக்ட்: சிமுலேஷனா, செல்போனா, வீடியோவா, ஆர்டுயினோவா?

தனி ஊசலை வைத்து மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க நினைக்கும் ஆசிரியருக்கு இப்போது நாலு வழி இருக்கிறது: கணினியில் ஓடும் ஃபெட் சிமுலேஷன், போனின் சென்சார்களால் அளக்கும் ஃபைஃபாக்ஸ் ஆப், வீடியோவை அலசும் டிராக்கர் மென்பொருள், சென்சார் இணைத்து நிரல் எழுதும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை. எது மேல் என்று பார்க்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு மட்டும் போதும் என்றால் இந்த நாலுமே தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்வரும் நேரம், ஏறத்தாழ 2 விநாடி. 20 அலைவுக்கு 40 விநாடி. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினாலும் அலைவு நேரத்தில் அரை சதவீதம், ஈர்ப்பு முடுக்கத்தில் ஒரு சதவீதம்தான் பிழை வரும். நூலும் குண்டும் வைத்தே இந்தத் துல்லியம் கிடைக்கும்போது, புதுக்கருவியிடம் கேட்க வேண்டியது வேறு: ஸ்டாப்வாட்ச் காட்டாத எதை நீ காட்டுவாய்?

அப்படிப்பட்ட ஒன்று பாடப்புத்தகத்திலேயே ஒளிந்திருக்கிறது. ‘வீச்சு சிறியதாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி வரும், மாணவர்கள் அதை அப்படியே எழுதிவிட்டுப் போவார்கள். வீச்சு என்பது குண்டு நடுநிலையிலிருந்து விலகும் கோணம். அது பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? 30 டிகிரியில் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 7 சதவீதம், 90 டிகிரியில் 18 சதவீதம். ஸ்டாப்வாட்சால் இதைப் பிடிப்பது கஷ்டம். 20 அலைவு எண்ணி முடிப்பதற்குள் வீச்சே குறைந்துவிடும், கிடைப்பது வெறும் சராசரி.

ஃபெட்டில் இது சுலபம். நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. அதன் ஊசல் ஆய்வகத்தில் உராய்வைப் பூஜ்யமாக வைத்தால் 60 டிகிரி கடைசிவரை 60 டிகிரிதான். நிலா, வியாழன் என்று இடம் மாற்றலாம். ஈர்ப்பு தெரியாத ‘கோள் எக்ஸ்’ ஒன்றும் உண்டு, அது நல்ல புதிர். குறை என்னவென்றால் அங்கே எதுவும் தப்பாகப் போகாது. நூல் முறுக்கிக்கொள்ளாது, நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்ற குழப்பம் வராது. எல்லாருடைய விடையும் ஒன்றாக இருந்தால் பிழை பற்றிப் பேச என்ன மிச்சம் இருக்கிறது?

ஃபைஃபாக்ஸ் இதற்கு நேர்எதிர். ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட இலவச ஆப். போனையே குண்டாகத் தொங்கவிட்டால் அதன் கைரோஸ்கோப் (சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்யும். வீச்சு மெல்லத் தேய்வது வரைபடமாகவே தெரியும். மாணவர்களுக்குப் போன் அனுமதி இல்லாத பள்ளியில் ஆசிரியரின் ஒரு போன் போதும். ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் லேப் கணினியின் பிரவுசரில் வரைபடம் நேரலையாக ஓடும், இன்டர்நெட்கூட வேண்டாம். ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் போன் சுழலும், ‘வி’ வடிவில் இரண்டு கயிறு கட்டுவது நல்லது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் கைரோஸ்கோப் இருக்காது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. போன் புள்ளி நிறை அல்ல, சுமார் 16 சென்டிமீட்டர் நீளப் பலகை. கயிற்றின் மேல்முனையிலிருந்து போனின் நடுப்பகுதி ஒரு மீட்டர் கீழே இருந்தால் இது பொருட்டே இல்லை. அதையே 20 சென்டிமீட்டராகக் குறைத்தால் ஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 9.3-ஐ ஒட்டி வரும். ‘கருவி தப்பு’ என்று எழுதும் குழுவும், ‘புள்ளி நிறைக்கான சூத்திரம் இங்கே பொருந்துமா?’ என்று கேட்கும் குழுவும் அந்த இடத்தில் பிரிந்துவிடும். மதிப்பெண்ணை அங்கே வையுங்கள்.

கணினி நிறைய, போன் ஒன்றே ஒன்று என்ற வகுப்புக்கு டிராக்கர் ஏற்றது. ஒரே வீடியோவை எல்லாக் குழுவுக்கும் கொடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாகக் குண்டின் மையத்தைக் குறிக்கச் சொல்லலாம். ஆளாளுக்கு ஒரு இடத்தில் க்ளிக் செய்வார்கள், அந்தச் சிதறலே பிழைப் பாடம். கணக்கு ஆசிரியருக்கு சைன் வளைவும் கிடைக்கிறது. குண்டு ஆடும் தளத்திலேயே ஒரு அளவுகோல் தெரியும்படி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்டுயினோவில் எனக்குத் தயக்கம் உண்டு. அல்ட்ராசோனிக் சென்சார் சின்னக் குண்டைச் சரியாகப் பிடிக்காது, அகச்சிவப்புச் சென்சார் பரவாயில்லை. அதிலும் குண்டு ஒரு அலைவில் இரண்டு முறை குறுக்கே போகும். அதைக் கவனிக்காமல் நிரல் எழுதினால் அலைவு நேரம் பாதியாகி, ஈர்ப்பு முடுக்கம் 39 என்று வரும். இதைக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சிதான், ஆனால் ஒயரும் நிரலும் சரியாவதற்குள் ஊசல் பற்றிய கேள்வி காணாமல் போய்விடும். அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளில் அமைக்கும் செய்முறைக் கூடம்) இருக்கும் பள்ளியில் அதைத் தனி ப்ராஜெக்டாகவே கொடுக்கலாம்.

என் தேர்வு ஃபைஃபாக்ஸ், கைரோஸ்கோப் இல்லாவிட்டால் டிராக்கர். 60 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் கூடுமா, குறையுமா, எவ்வளவு என்று ஒவ்வொரு குழுவும் முதலில் எழுதிக் கொடுத்த பிறகுதான் போனைத் தொங்கவிட வேண்டும். ஃபெட் கடைசியில் வரட்டும்: உராய்வு இல்லாத ஊசலோடு தங்கள் வரைபடத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்லட்டும்.