நீலகிரியில் பிளாஸ்டிக் தகட்டு வேலை: வேக்குவம், அழுத்தக் காற்று, லேசர், ரவுட்டர்

ஐம்பது முதல் ஐந்நூறு எண்ணிக்கை வரை மட்டுமே தேவைப்படும் ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்கு உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்ஷன் மோல்டிங் கட்டுப்படியாகாது. அதற்கான எஃகு அச்சுக்கே லட்சக்கணக்கில் செலவாகிவிடும். எனவே தட்டையான தகட்டை வாங்கி, அதைச் சூடாக்கியோ வெட்டியோ வளைத்தோ பாகமாக்கும் முறைகளுக்குள்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் இத்தகைய தேவை குறைவானதன்று: சாக்லேட் கடைகளுக்குப் பெயர் பொறித்த அச்சுகள், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காப்பு மூடிகள், நாற்றங்கால் தட்டுகள், கடை மேசைக்கான காட்சிப் பெட்டிகள் எனப் பட்டியல் நீளும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும், நீலகிரியில் அதற்கும் முன்பிருந்தே, தடை இருப்பதால் இங்கே செய்யத்தக்கவை ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய பாகங்களே. அவற்றில் அளவும் தடிமனும் பிசகக் கூடாது.

இம்முறைகளை ஒப்பிடும் வழிகாட்டிகள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் அவை தரும் தரவரிசை மாறிவிடுகிறது. சூடாக்கி இளக்கிய தகட்டை அச்சின்மேல் வைத்து, அடியிலுள்ள காற்றை உறிஞ்சி வடிவமெடுக்கும் வேக்குவம் ஃபார்மிங்கைத்தான் எல்லோரும் முதலில் பரிந்துரைப்பார்கள்; இங்கே அதிகம் பாதிக்கப்படுவதும் அதுவே.

காரணம் எளியது. வேக்குவம் ஃபார்மிங்கில் பம்பு தகட்டை இழுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் தகட்டை அச்சின்மேல் அழுத்துவது வெளியே இருக்கும் காற்றுமண்டலமே. பம்பு செய்வதெல்லாம் அடியிலிருக்கும் காற்றை அகற்றி வழிவிடுவதுதான். கடல் மட்டத்தில் இந்த அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், கோவையில் 96 அல்லது 97, குன்னூரில் 81 அளவு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 77 முதல் 78 வரை. கொடைக்கானலின் நிலையும் ஏறத்தாழ உதகையின் நிலையே. எவ்வளவு விலையுயர்ந்த பம்பை வாங்கினாலும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது. கோவையில் அச்சின்மேல் அழகாகப் படிந்த அதே வகைத் தகடு, உதகையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த விசையோடுதான் படியும். வேக்குவம் மீட்டரின் முள் பாதரச அளவில் 580 மி.மீ. அருகே நின்றுவிடுவதைப் பார்த்துப் பம்பில் கோளாறு என்று மெக்கானிக்கை அழைப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. உதகையில் முழு வெற்றிடம் என்பதே அவ்வளவுதான். வீட்டுத் தூசி உறிஞ்சியைக் கொண்டு செய்யும் சிறிய அமைப்புகள் இருபது கிலோபாஸ்கல் அளவே தருவதால் எந்த ஊரிலும் நுணுக்கமான வேலைக்கு உதவா.

இந்தக் குறை எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஆழம் குறைந்த, வளைவுகள் அகன்ற ஒரு மூடியை 2 மி.மீ. ஏபிஎஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் செய்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் சாக்லேட் அச்சில் அரை மி.மீ. அகலக் கோடுகளாக ஓடும் கடைப்பெயரும், கூர்மையான உள்மூலைகளும் மழுங்கிப்போகும். அதைச் சரிசெய்யத் தகட்டைக் கூடுதலாகச் சூடாக்குவது வழக்கம். அது ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றைக் கெடுக்கிறது, ஏனெனில் அதிகம் இளகிய தகடு நடுவில் தொய்ந்து, உயர்ந்த பகுதிகளுக்கு இடையே மடிப்பு விழுந்து, ஏற்கெனவே மெலியும் இடங்களில் மேலும் மெலிகிறது. மெலிவின் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். 100 மி.மீ. சதுரத்தில் 50 மி.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு, சதுரத்தின் பரப்பு 10,000 சதுர மி.மீ.; அடியும் நான்கு பக்கமும் சேர்ந்து 30,000. ஆகவே 3 மி.மீ. தகடு சராசரியாக 1 மி.மீ. ஆகிவிடும், மூலைகளில் அதைவிடவும் குறையும்.

அழுத்தக் காற்றைக் கொண்டு செய்யும் பிரஷர் ஃபார்மிங்கில் அடியில் வெற்றிடமும் மேலே மூடிய பெட்டிக்குள் கம்ப்ரஸர் காற்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. தொழிற்சாலை அளவில் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோவும் அதற்கு மேலும் கொடுப்பதால் எழுத்தும் மேற்பரப்பு வேலைப்பாடும் இன்ஜெக்ஷன் பாகத்துக்கு அருகில் வந்துவிடும். சிறு பட்டறைக்கு அந்த அளவு தேவையில்லை, ஆபத்தும்கூட: 20 செ.மீ.க்கு 30 செ.மீ. தட்டில் மூன்று கிலோ அழுத்தம் என்றால் மூடியைத் தூக்கி எறியப் பார்க்கும் விசை 1,800 கிலோ. கோவையோடு ஒப்பிட உயரத்தால் இழந்ததை மட்டும் மீட்பதற்கு 0.2 கிலோ, அதாவது சுமார் 20 கிலோபாஸ்கல், போதும். அதே தட்டில் அது 120 கிலோதான், நெம்பிப் பூட்டும் நான்கு நல்ல டாகிள் கிளாம்புகள் தாங்கிக்கொள்ளும். கட்டுப்பாட்டு வால்வும், தவறாமல் திறக்கும் பாதுகாப்பு வால்வும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வரும் காற்று சூடான தகட்டின்மேல் நேராகப் பாய்ந்தால் அந்த இடம் முன்னதாகவே உறைந்துவிடும் என்பதால் உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் தொட்டியின் நீரை நாள்தோறும் வடிக்கவும் வேண்டும். உதகையில் சாக்லேட் அச்சு செய்ய நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடிய முறை இதுவே. தகட்டின் எந்தப் பக்கம் மாதிரியை, அதாவது தகடு படியும் அச்சை, தொடுகிறதோ அந்தப் பக்கமே அளவை ஏற்கும் என்பதால், சாக்லேட் வடிவத்தைப் புடைப்பாகச் செய்து அதன்மேல் பிஇடிஜி என்னும் தெளிந்த பிளாஸ்டிக் தகட்டைப் படியச் செய்தால் குழியின் உட்புறம் துல்லியமாக அமையும்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான தொல்லைகள் குளிரும் மின்சாரமும். பனிக்கால விடியலில் அலுமினிய அச்சு பத்து டிகிரிக்குக் கீழே கிடக்கும். ஐம்பது, அறுபது டிகிரிக்கு அதைச் சூடேற்றாமல் தொடங்கினால் தகடு அச்சைத் தொட்டதுமே உறைவதால் முதல் பாகங்களில் குளிர்க்கோடுகள் விழும். ஹீட்டரின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட் 200 ஆக இறங்கும் மாலையில் நான்கில் ஒரு பங்கு வெப்பம் காணாமல் போகிறது. நொடிகளை எண்ணி எடுப்பதைவிடத் தகட்டின் வெப்பநிலையை அளந்து எடுப்பதே சரி. மரநார்ப் பலகையான எம்டிஎஃப் மாதிரிகள் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் உப்பிவிடுவதால், நான்கைந்து பாகங்களுக்கு மேல் எடுப்பதாயின் அவற்றை எபாக்ஸி பூசி மூடுவது அவசியம்.

லேசர் கட்டிங்குக்குக் காற்றழுத்தம் ஒரு பொருட்டல்ல. கார்பன் டைஆக்சைடு லேசர் அக்ரிலிக்கைக் கண்ணாடி போன்ற விளிம்போடு வெட்டும். அச்சே தேவையில்லை, வரைபடத்தை மாற்றினால் பாகம் மாறிவிடும். காட்சிப் பெட்டிக்கும் விலைப்பலகைத் தாங்கிக்கும் இதற்கு ஈடில்லை. ஆனால் எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டைக் கருக்கும், பிவிசியை வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவந்து ஆளையும் இயந்திரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். தட்டைத் துண்டுகளைக் கோத்துச் செய்யும் பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: வார்ப்பு அக்ரிலிக் தகட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், 3 மி.மீ. என்று வாங்கியதை அளந்து பார்க்காமல் துளைகளை 3 மி.மீ. என வரைந்தால் சில இறுகும், சில ஆடும்.

இயந்திரக் காப்பு மூடிக்குப் பாலிகார்பனேட்டே பொருத்தம். அதற்கு, கணினி இயக்கத்தில் சுழலும் கட்டரால் வெட்டும் சிஎன்சி ரவுட்டரும் வளைப்பும் போதும். ஒற்றை வெட்டுமுனைக் கட்டரால் பத்தில் ஒரு மி.மீ. துல்லியத்தை எளிதாக எட்டலாம். பாலிகார்பனேட்டைச் சூடாக்காமலே இரும்புத் தகடு மடிக்கும் இயந்திரத்தில் மடிக்கலாம் என்பது ஈரமான மலையூருக்குப் பெரிய வசதி, ஏனெனில் ஈரம் ஏறிய தகட்டைச் சூடாக்கினால் உள்ளே குமிழ் கிளம்பும். தவிர்க்க முடியாதபோது 120 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே சூடாக்க வேண்டும்.

ஆழமான பாகங்களைக் கோவைக்கு அனுப்பிச் செய்துகொள்வதில் தவறில்லை. அங்கே காற்று இலவசமாகவே கூடுதலாக அழுத்துகிறது. மாதிரியை இங்கேயே இழைத்து, முதல் ஓரிரு பாகங்களை இங்கேயே எடுத்துத் திருத்திய பிறகு அனுப்பினால் மலையேறி இறங்கும் செலவு குறையும். அளவெடுக்கும்போது மட்டும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும்: 300 மி.மீ. அக்ரிலிக் பாகம் உதகையின் 12 டிகிரியிலிருந்து கோவையின் 35 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ அரை மி.மீ. நீளும். எனவே கீழே செய்து மேலே பொருத்தும் பாகத்துக்குத் திருகுத் துளைகளை வட்டமாக இடாமல், ஒரு முனையிலேனும் நீள்துளையாக இடச் சொல்லி வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.