முதுமைத் தளர்ச்சிக்கான ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

'சீனியர் பேக்கேஜ்' என்று லேப்கள் விற்கும் தொகுப்புகளில் 'தளர்ச்சி மார்க்கர்கள்' என்ற பிரிவும் இப்போது இருக்கிறது. ரத்தத்தை மட்டும் பார்த்து ஒருவருக்குத் தளர்ச்சி உண்டா இல்லையா என்று சொல்லும் டெஸ்ட் எதுவும் கிடையாது. 2001-இல் வெளியான ஃபிரைட் அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: காரணமில்லாமல் எடை குறைவது, களைப்பு, நடமாட்டம் சுருங்குவது, மெதுவான நடை, தளர்ந்த கைப்பிடி. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஐந்தில் ஒன்றுக்கும் ஊசி தேவையில்லை.

ரத்தப் பரிசோதனை உதவுவது, பின்னால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒளிந்திருக்கிறதா என்று தேடத்தான். ஹீமோகுளோபின் (ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே ரத்தசோகை), வைட்டமின் பி12, டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் டி நான்கும் கட்டாயம் வேண்டும். வைட்டமின் டி குறைவென்றால் அதை ஒரே டோஸில் நிரப்பப் பார்க்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வு ஒன்றில் வயதான பெண்கள் கீழே விழுவது கூடத்தான் செய்தது.

பேக்கேஜின் பெரிய ஓட்டை சிறுநீரகப் பகுதி. சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவு தசையிலிருந்து வருவது. தசை கரைந்த பெரியவருக்கு அது 0.7 என்று அழகாக வரும், சிறுநீரகம் நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் காட்டும், அதை நம்பி மருந்தின் அளவு கூடிப்போகும். சிறுநீரகத்தைச் சோதிக்கும் இன்னொரு டெஸ்டான சிஸ்டாட்டின் சி தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. தனியாகக் கேட்டாவது சேர்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அதுவும் பிசகும்.

ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் குறைந்ததும் புரோட்டீன் பவுடர் வாங்க ஓடுகிறார்கள். உடலில் அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கும், அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி டெஸ்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் சளி, புண், சிறுநீர்த் தொற்று எல்லாம் ஆறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும்.

'தளர்ச்சி மார்க்கர்கள்' பிரிவில் வரும் இன்டர்லூக்கின்-6, ஜிடிஎஃப்-15 என்ற ரத்தப் புரதங்கள் தளர்ச்சியோடு சேர்ந்து உயர்வதை ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனால் ஒரு தனி மனிதருக்கு எந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்வது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு இல்லை. விலை கூடிய பேக்கேஜ் என்றால் பெரும்பாலும் இவைதான் காரணம். விட்டுவிடலாம்.

ரத்தம் எடுக்கும்போதும் தவறு நடக்கும். முதியவர்களுக்கு நரம்பு கிடைக்காது, கையில் கட்டும் பட்டையை இறுக்கி வைத்துத் தேடுவார்கள், கையை மூடித் திறக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடம் தாண்டினால் ஆல்புமின் கூடுதலாகக் காட்டும், பொட்டாசியமும் ஏறும். முடிக்கான பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துவிடும். இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லாத லேப் கவனக்குறைவானது. மேலே சொன்ன எந்த டெஸ்டுக்கும் வெறும் வயிறு அவசியமில்லை. சர்க்கரை மாத்திரை போடுபவரை 12 மணி நேரம் பட்டினி போடச் சொன்னால், எந்த டெஸ்டுக்காக என்று கேளுங்கள்.