இன்ஜினியரிங் கவுன்சிலிங் 'சாய்ஸ் ஃபில்லிங்' செய்து தருகிறோம் என்பவரிடம் 18,000 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். மூன்றாம் சுற்றுக்குக் காத்திருப்பவர்கள் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தங்கைக்கு கட்-ஆஃப் 200-க்கு 172.5. கோவையில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் படிப்பு) வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு கல்வி ஆலோசனை மையம். டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சிலிங்குக்கான கல்லூரி விருப்பப் பட்டியலை அவர்களே நிரப்பித் தருவார்களாம். கட்டணம் 18,000. அரசுக்குக் கட்டிய பதிவுக் கட்டணமே 500 ரூபாய்தான்!

அந்த ஆள் பேச்சு அப்படி. அப்பாவை "உட்காருங்கய்யா" என்று ஏசிக்கு நேரே உட்கார வைத்து டீ வரவழைத்தார். தங்கை எழுதிக்கொண்டு போன பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, மேலே இருந்த நான்கு கல்லூரிகளைப் பென்சிலால் அடித்தார். "கிடைக்காததை மேலே போட்டா உன் ரேங்க் வீணாயிடும்மா. நான் பாத்துக்கறேன்." அப்பா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அங்கேயே ஜிபேயில் 18,000 போனது. யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அவர் கைக்குப் போனது.

அவர் சொன்னது பச்சைப் பொய். ரேங்க் வரிசைப்படி நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். எதில் முதலில் இடம் இருக்கிறதோ அது நமக்கு. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எதுவும் வீணாகாது.

ஒதுக்கீடு வந்தது. நாங்கள் பெயரே எழுதாத ஒரு கல்லூரி. அதைத்தான் முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறார். முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் 'அப்வேர்ட்' (பட்டியலில் இதற்கு மேலே இருப்பது காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்று) கேட்கவும் வழியில்லை. வேண்டாம் என்றால் அடுத்த சுற்றில் மிச்சம் மீதிதான். தங்கையோடு படித்த பெண், அதே இடஒதுக்கீட்டுப் பிரிவு, கட்-ஆஃப் 171. இவர் பென்சிலால் அடித்த நான்கில் ஒன்றில் அவளுக்கு ஈசிஇ கிடைத்திருக்கிறது. தங்கை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன் தம்பி". நேரில் போனால், "சார் சென்னை போயிருக்கார்" என்கிறாள் வரவேற்பில் இருக்கும் பெண். அவள் தலைக்கு மேலே தொங்குவது அதே கல்லூரியின் காலண்டர். கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஆள் லைனில் வந்தார். "அலாட் பண்றது கவர்மென்ட் சாஃப்ட்வேர், என்னை ஏன் கேக்கறீங்க?" 18,000 எதற்கு வாங்கினீர்கள் என்றேன். "ரசீதைப் படிங்க, கன்சல்டேஷன் ஃபீஸ், ரிட்டர்ன் கிடையாது." அதோடு வாட்ஸ்அப்பில் பிளாக்.

விருப்பப் பட்டியல் போடுவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆசைப்படுவதை ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போன வருடக் கட்-ஆஃப் பிரிவுவாரியாக டிஎன்இஏ தளத்திலேயே இருக்கிறது, கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. புரியாவிட்டால் அரசின் டிஎன்இஏ சேவை மையத்துக்குப் போங்கள், அங்கே இலவசம். லாக் செய்யும் (இறுதியாக உறுதி செய்யும்) முன் பட்டியலைப் பிரின்ட் எடுத்து நீங்களே படியுங்கள்.

18,000-க்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். இதே மாடிக்குப் போய் ஏமாந்தவர்கள் ரசீதோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே போகலாம்.