தாய்லாந்தில் பி விசா: உள்ளேயே நீட்டிப்பதா, வெளியே போய் வருவதா?

நான்-இமிக்ரன்ட் பி விசாவில் தாய்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் 90 நாள். வொர்க் பர்மிட்டுக்கு அலைவதிலேயே அதில் பாதி ஓடிவிடும். அப்புறம் என்ன செய்வது? கம்பெனி மூலமாக இமிக்ரேஷனில் ஒரு வருட நீட்டிப்பு வாங்கலாம். அல்லது பலமுறை நுழைய அனுமதிக்கும் மல்டிபிள் என்ட்ரி விசா எடுத்து, 90 நாளுக்கு ஒருமுறை எல்லை தாண்டி வரலாம். இதற்கு நடுவில் ஏஜென்ட்டுகள் காட்டும் குறுக்கு வழிகள் வேறு. பலர் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கட்டணத்தில் சொல்லும்படியான வித்தியாசமே கிடையாது. உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது உங்கள் கம்பெனியின் கணக்குவழக்குதான்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். விசாவில் ஒரு தேதி இருக்கும்; எந்த நாளுக்குள் நாட்டுக்குள் நுழையலாம் என்பதை அது சொல்கிறது. விமான நிலையத்தில் குத்தும் முத்திரையில் இன்னொரு தேதி இருக்கும். எந்த நாள் வரை தங்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு வருட மல்டிபிள் என்ட்ரி விசா கையில் இருந்தாலும் முத்திரையில் 90 நாள்தான் இருக்கும். விசாவின் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டு முத்திரைத் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்) அபராதம், அதிகபட்சம் 20,000. 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு நாமே போய் நின்றால் ஒரு வருடம் திரும்பி வர முடியாது. சோதனையில் பிடிபட்டால் தடை குறைந்தது ஐந்து வருடம்.

உள்ளேயே நீட்டிப்பது

விண்ணப்பம் டி.எம்.7 படிவம், கட்டணம் 1,900 பாட். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கொண்டுபோவது பாஸ்போர்ட், போட்டோ, வொர்க் பர்மிட் நகல் என்று மெல்லிய கட்டுதான். தடித்த கட்டு கம்பெனியுடையது: பதிவுச் சான்று, பங்குதாரர் பட்டியல், இருப்புநிலைக் குறிப்பு, மாதாமாதம் கட்டிய வாட் கணக்கு, ஊழியர் பெயர்களோடு தாக்கல் செய்த வருமான வரிப் பிடித்தம், சமூகப் பாதுகாப்பு நிதிச் சந்தா. ஒவ்வொரு பக்கத்திலும் கம்பெனி முத்திரையும் அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தும் வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதில் போட்டோ ஒரு தனி அத்தியாயம். பெயர்ப்பலகையோடு கட்டடத்தின் முகப்பு, உள்ளே ஊழியர்கள் வேலை செய்வது, உங்கள் மேஜையில் நீங்கள் உட்கார்ந்திருப்பது என்று வரிசையாகக் கேட்பார்கள். கூடவே அலுவலகத்துக்கு வழிகாட்டும் வரைபடம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் கம்பெனிகளைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

கம்பெனி தாண்ட வேண்டிய பெரிய தடை, ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு உள்ளூர் ஊழியர்கள் என்ற விகிதம். பெயருக்கு நான்கு பேரைக் காட்ட முடியாது. சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் அந்த நால்வரும் மாதாமாதம் இருக்க வேண்டும். வொர்க் பர்மிட் தரும் தொழிலாளர் துறைக்கும் தனிக் கணக்கு உண்டு. பொதுவாக ஒரு வெளிநாட்டவருக்கு 20 லட்சம் பாட் செலுத்தப்பட்ட மூலதனம் கேட்பார்கள். சம்பளத்துக்கும் நாட்டுவாரியாகக் கீழ்வரம்பு வைத்திருக்கிறது இமிக்ரேஷன். இந்தியக் குடிமக்களுக்கு மாதம் 35,000 பாட். தாய்லாந்து அரசின் முதலீட்டு வாரியத்தின் சலுகை பெற்ற கம்பெனி என்றால் இந்த விகிதமும் மூலதனமும் பொருந்தாது, தலைவலி பாதியாகக் குறைந்துவிடும். வேலைக்குச் சேரும் முன்பே கம்பெனிக்கு அந்தச் சலுகை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. சம்பளத்தைப் பற்றி ஐந்து முறை பேசுகிறவர்கள்கூட இதை ஒருமுறையும் கேட்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால், முதலில் பரிசீலனையில் இருப்பதாக 30 நாளுக்கு ஒரு முத்திரை கிடைக்கலாம். அந்தக் காலத்தில் தங்குவதில் சிக்கல் இல்லை. பிறகு ஒரு வருடம். அந்த வருடம் பழைய முத்திரை முடிந்த நாளிலிருந்து கணக்காகும், அதனால் முன்கூட்டிப் போனால் நாள் நஷ்டம் என்ற பயம் வேண்டாம்.

நீட்டிப்பில் இருக்கும் பெரிய பொறி ரீ-என்ட்ரி பர்மிட். அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே காலடி வைத்தால் வருட நீட்டிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போகும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. ஊரில் ஒரு துக்கம் என்று அவசரமாகக் கிளம்புகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அடிக்கடி பயணம் இருந்தால் நீட்டிப்பு கிடைத்த அன்றே 3,800 கட்டி வாங்கிவிடுங்கள். ஆக, வருடச் செலவு 5,700 பாட்.

வெளியே போய் வருவது

மல்டிபிள் என்ட்ரி பி விசாவுக்கு 5,000 பாட். அதாவது 700 பாட் வித்தியாசம். அது ஒரு எல்லைப் பயணத்துக்கே போதாது. ஒரு வருட விசாவில் கடைசி நுழைவை விசா முடிவதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 15 மாதம் வரை இழுக்கலாம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியை இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்கும் வேலையும் தானாகவே நீங்கிவிடும், ஏனென்றால் வெளியே போய் வந்ததும் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். நீட்டிப்பில் இருப்பவர் அதை மறந்தால் 2,000 பாட் அபராதம்.

மாதமொரு தடவை சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பறக்கிற விற்பனைப் பிரிவு ஆட்களுக்கு இது சட்டை மாதிரிப் பொருந்தும். அலுவலகப் பயணமே எல்லைப் பயணமாகிவிடும், ரீ-என்ட்ரி பர்மிட்டும் வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குத்தான் சலிப்பு. எல்லை ஊரான நோங் காய் வரை இரவு ரயில், பாலம் தாண்டி லாவோஸ், மறுபடி வரிசை. எதிர்ப்பக்க நாட்டின் விசா வேறு. எல்லைகளை நம்பித் திட்டம் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2025ல் கம்போடியாவுடன் மோதல் மூண்டபோது அந்தப் பக்கத்துத் தரைவழிகள் மூடப்பட்டன. அந்த வழியையே வாடிக்கையாக வைத்திருந்தவர்கள் வேறு திசை தேட வேண்டியதாயிற்று.

இந்த விசாவை வாங்குவதும் முன்போல் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து உலகம் முழுவதும் மின்விசா முறை வந்துவிட்டது. எந்தத் தூதரகத்தின் கீழ் விண்ணப்பிக்கிறீர்களோ அதன் அதிகார வரம்புக்குள் நீங்கள் இருக்க வேண்டும். பக்கத்து நாட்டுத் தூதரகங்களில் ஒருமுறை நுழையும் விசாதான் எளிதாகக் கிடைக்கும் என்பது பொது அனுபவம். பலமுறை நுழையும் விசாவுக்குச் சொந்த நாட்டிலிருந்து விண்ணப்பிப்பதே உத்தமம். இன்னொன்று: எத்தனை முறை வந்துபோனாலும் வொர்க் பர்மிட் தேவை அப்படியே இருக்கும். விசா தங்குவதற்கு, பர்மிட் வேலைக்கு. பர்மிட் இல்லாமல் வேலை பார்த்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும்.

எங்கே வித்தியாசம் கடிக்கிறது

வேலை போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை யாரும் முதல் நாளில் கேட்பதில்லை. வருட நீட்டிப்பு அந்த வேலையின் பேரில் கொடுத்தது. வேலை முடிகிற நாளோடு அதுவும் முடிகிறது, முத்திரையில் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும் சரி. கடைசி நாளில் இமிக்ரேஷனுக்குப் போய் ரத்து செய்து, 1,900 பாட் கட்டிக் கேட்டால் வழக்கமாக ஏழு நாள் தருவார்கள். வீட்டைக் காலி செய்யவே அது போதாது. குடும்பம் உங்கள் நீட்டிப்பை ஒட்டித் தங்கியிருந்தால் அவர்களுக்கும் அதே கதி. ஆகவே, ராஜினாமாக் கடிதத்தில் கடைசி நாளை எழுதும் முன், அடுத்த கம்பெனியின் காகிதங்கள் தயாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், நிரந்தர வசிப்புரிமை. அதற்கு விண்ணப்பிக்கத் தொடர்ச்சியாக மூன்று வருடம் வருட நீட்டிப்பில் இருந்திருக்க வேண்டும். ஒரு தேசத்தவருக்கு வருடத்துக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. எல்லை தாண்டித் தாண்டிப் பத்து வருடம் ஓட்டியவருக்கு அந்தக் கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக் குடியிருக்கப் போகிறவர் முதல் வழியை விட்டு நகர வேண்டாம் என்பது என் கருத்து.

மற்ற வழிகள்

விசா இல்லாமல் சுற்றுலாவாக உள்ளே வந்த பிறகு வேலை கிடைத்தால், வெளியே போகாமலே பி விசாவுக்கு மாறலாம். டி.எம்.87 படிவம், 2,000 பாட், தங்கும் காலத்தில் குறைந்தது 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். கம்பெனி காகிதங்கள் இங்கும் அதேதான். அதை விட்டுவிட்டு சுற்றுலா முத்திரையை 30 நாள் நீட்டித்து, வேலையும் பார்க்கலாம் என்று சொல்லும் ஏஜென்டிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலையில் வந்த டி.டி.வி. விசா ஐந்து வருடம் செல்லும், நுழைவுக்கு 180 நாள், கட்டணம் 10,000 பாட், ஐந்து லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும். கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மடிக்கணினியில் வேலை பார்க்கிறவருக்கானது. தாய்லாந்துக் கம்பெனியில் சம்பளம் வாங்க அது உதவாது. எல்.டி.ஆர். எனப்படும் பத்து வருட விசாவில் 90 நாள் அறிக்கை, ரீ-என்ட்ரி பர்மிட் இரண்டு தொல்லையும் இல்லை. கட்டணம் 50,000 பாட். பெரும்பாலான பிரிவுகளில் வருடத்துக்கு 80,000 டாலர் வருமானம் என்று ஆரம்பிப்பதால் நம்மில் பலருக்கு அந்தப் பேச்சே எழாது.

யாருக்கு எது?

நான்கு உள்ளூர் ஊழியர்களுக்கு ஒழுங்காகச் சந்தா கட்டும் கம்பெனி, அல்லது முதலீட்டு வாரியச் சலுகை உள்ள கம்பெனி என்றால் நீட்டிப்பு. யோசிக்கவே வேண்டாம். ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் புதுக் கம்பெனி என்றால் முதல் வருடத்தை மல்டிபிள் என்ட்ரியில் ஓட்டிவிட்டு, ஊழியர் எண்ணிக்கை நிமிர்ந்ததும் நீட்டிப்புக்கு மாறுவது நடைமுறையில் சரியாக வரும். இரண்டாவது வருடமும் அந்த எண்ணிக்கை நிமிரவில்லை என்றால் விசாவை விட்டுவிட்டு வேலையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது.

எந்த வழியானாலும், முத்திரைத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் கம்பெனியின் கணக்காளரிடம் கடந்த மூன்று மாத வரித் தாக்கலையும் சமூகப் பாதுகாப்புச் சந்தா ரசீதுகளையும் காட்டச் சொல்லுங்கள். மனிதவளப் பிரிவு "எல்லாம் ரெடி" என்று சொன்னாலும் கேளுங்கள். அந்த ரசீதில் நான்கு பெயர் இல்லையென்றால், தூதரகத்தில் புது விசாவுக்கு விண்ணப்பிக்க இன்னும் அவகாசம் இருக்கும்.