லாகின் வேலையை வெளியே கொடுக்கிறீர்களா? ஆப் யார் கணக்கில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

லாகினைக் கவனித்துக்கொள்ளும் கீக்ளோக் என்ற மென்பொருளில் மைக்ரோசாஃப்ட், கூகுள் லாகின் இணைத்துத் தருவதாக ஒரு ஏஜென்சி எங்களிடம் வேலை எடுத்தது. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது சரக்கு இருப்பு மென்பொருள். ‘எங்க ஆட்களுக்கு இன்னொரு பாஸ்வேர்டு வேண்டாம், ஆபீஸ் மெயில் கணக்கிலேயே நுழையட்டும்’ என்று வாங்கும் கம்பெனிகள் கேட்டன. நியாயம்தான். டெமோ அன்று பட்டனை அழுத்தினால் உள்ளே போனது. பணமும் போனது.

முதலில் நெருடியது ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். மைக்ரோசாஃப்ட் அனுமதி கேட்கும் பக்கத்தில் எங்கள் பெயர் இல்லை, ஏஜென்சியின் பெயர் இருந்தது. ‘சார், அது வெறும் டிஸ்ப்ளே நேம், மாத்திடலாம்’ என்றார்கள். மாற்றவில்லை. எப்படி மாற்றுவார்கள்? அது அவர்களுடைய டெனன்டில், அதாவது மைக்ரோசாஃப்ட்டில் ஒரு கம்பெனிக்கென இருக்கும் தனி இடத்தில், எப்போதோ போட்ட பழைய ஆப் ரெஜிஸ்ட்ரேஷன் (லாகின் கேட்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவு செய்வது). வேறு சிலருக்கும் அதையேதான் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை யாராலும் மைக்ரோசாஃப்ட் வழியாக உள்ளே வர முடியவில்லை. பிழைப் பதிவில் ஏஏடிஎஸ்டிஎஸ்7000222, அதாவது கிளையன்ட் சீக்ரெட் (நம் ஆப் தன்னை மைக்ரோசாஃப்ட்டிடம் நிரூபிக்கும் ரகசியச் சாவி) காலாவதி. மைக்ரோசாஃப்ட் போர்ட்டலில் அதற்கு அதிகபட்ச ஆயுளே 24 மாதம்தான். புதிதாக ஒன்று எடுத்துப் போடுவது சில நிமிட வேலை, ஆனால் கணக்கு நம்முடையதாக இருக்க வேண்டும். ‘ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்க, உடனே பண்ணிடறோம்’ என்றார்கள். முன்பு பேசியதில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. கடை நம்முடையது, சாவி அவர்கள் இடுப்பில்.

பணம் பிடுங்கியதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. கீக்ளோக்கைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. மைக்ரோசாஃப்ட் லாகின் முகவரியில், டெனன்டைக் குறிக்கும் இடத்தில், ‘காமன்’ என்று போட்டிருந்தார்கள். உலகில் எந்தக் கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் கணக்கும், தனிநபர் கணக்கும் அதன் வழியே வரலாம். அப்படி வரும்போது டோக்கனில் (லாகின் ஆனதும் மைக்ரோசாஃப்ட் அனுப்பும் அடையாளச் சீட்டு) இஷ்யூயர், அதாவது சீட்டை வழங்கியது யார் என்ற குறிப்பு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சரிபார்ப்பு இடிக்கும். அதற்கு இவர்கள் கண்ட வழி, இஷ்யூயர் பெட்டியைக் காலியாக விட்டுவிடுவது. காலியாக இருந்தால் கீக்ளோக் சரிபார்ப்பதே இல்லை.

அடுத்தது முதல் லாகின் ஃப்ளோ, அதாவது ஒருவர் இந்த வழியில் முதல் முறை வரும்போது கீக்ளோக் செய்யும் படிகள். அதே மெயிலில் ஏற்கெனவே ஒரு பயனர் இருந்தால், மெயில் அனுப்பியோ பழைய பாஸ்வேர்டு கேட்டோ ‘நீ அவன்தானா’ என்று கீக்ளோக் உறுதி செய்துகொள்ளும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ‘ஆட்டோமேட்டிக்கலி செட் எக்ஸிஸ்டிங் யூசர்’ போட்டிருந்தார்கள், எதையும் கேட்காமல் பழைய பயனரோடு இணைத்துவிடும் படி அது. அது ஆபத்தானது, கவனமாக இருங்கள் என்று கீக்ளோக் ஆவணமே எச்சரிக்கிறது.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று எங்கள் டெஸ்டர் புதிதாக ஒரு டெனன்ட் திறந்தார். அதில் ஒரு பொம்மைப் பயனர். அவருடைய மெயில் கட்டத்தில் எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் முகவரியைத் தட்டினார். லாகின் அழுத்தியதும் மேனேஜராகவே உள்ளே போய்விட்டார், ஒப்புதல் பட்டன் உட்பட எல்லாம் கண்முன்னே.

இந்த ஓட்டைக்கு நோஆத் என்று பெயர். டெஸ்கோப் நிறுவனம் 2023 ஜூனில் வெளிப்படுத்தியது. அந்த மெயில் கட்டத்தில் டெனன்ட் நிர்வாகி எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள் என்பது மைக்ரோசாஃப்ட்டின் அறிவுரை. உறுதி செய்யாத மெயிலை டோக்கனில் அனுப்புவதைப் பெரும்பாலான ஆப்களுக்கு அவர்கள் நிறுத்தியும் விட்டார்கள். எங்கள் தலையில் கட்டிய கிழட்டு ஆப்பில் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏஜென்சியிடம் காட்டினால், ‘அது மைக்ரோசாஃப்ட் இஷ்யூ சார்’ என்று ஒரு வரிப் பதில்.

சொந்த டெனன்டில் புது ஆப் போட்டு வெளியே வந்துவிட்டோம், அதிலும் ஒரு அடி. மைக்ரோசாஃப்ட் டோக்கனில் ‘சப்’ என்ற அடையாள எண் ஆப்புக்கு ஆப் மாறும். ஆப் மாறியதும் கீக்ளோக்கில் இருந்த மைக்ரோசாஃப்ட் இணைப்புகள் அத்தனையும் செல்லாக்காசு. ஒவ்வொருவரையும் மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. கூகுள் ‘சப்’ அப்படி மாறாது என்பதால் அந்தப் பக்கம் தப்பித்தது.

இனி யாராவது இந்த வேலைக்கு வந்தால், ஆப் ரெஜிஸ்ட்ரேஷனை உங்கள் டெனன்டில், உங்கள் ஆள் உட்கார்ந்து போடட்டும். ஏஜென்சிக்கு அந்த ஒரு ஆப்பில் மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். கடைசித் தவணைக்கு முன் எங்கள் டெஸ்டர் செய்த அதே சோதனையை அவர்கள் முன்னாலேயே செய்து பாருங்கள். கூகுள் பக்கம் ஆப் ‘டெஸ்டிங்’ நிலையிலேயே கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அந்த நிலையில் 100 பேருக்குத்தான் இடம்.

பழைய ஆப்புக்கு எங்கள் வாடிக்கையாளர்கள் கொடுத்த அனுமதி அவர்களுடைய டெனன்ட்களில் இன்னும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டெனன்டை நிர்வகிக்கும் என்ட்ரா போர்ட்டலில் ‘எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ்’ பட்டியலில் போய் அதை நீக்கச் சொல்லி எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறோம். பாதிப் பேர் இன்னும் நீக்கவில்லை.