சிபெட் மெஷின்: பல வருடப் பழக்கத்தில் எதை நம்புகிறேன், எதை நம்புவதில்லை

சிபெட் (CPET) என்பது ஒருவரை மிதிக்க வைத்து, அவருடைய இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்குகின்றன என்று மூச்சுக் காற்றை வைத்து அளக்கும் சோதனை. அதற்கான, சைக்கிள் எர்கோமீட்டரோடு (சுமையை வாட்டில் வைக்கக்கூடிய சைக்கிள்) இணைத்த, ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக அளக்கிற மெட்டபாலிக் கார்ட் என்ற மெஷினில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நடுவில் மெஷினும் ஒரு தடவை மாறியது. நன்றாகப் பராமரித்தால் ஒரே மெஷினில் ஒரே ஆளுக்கு வரும் எண்களை நம்பலாம். ஆனால் வேறு மெஷினில் எடுத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, நோயாளிக்குக் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.93%, கடுமையாக மிதிக்கும்போது வெளியே வருவதில் சுமார் 17%. இந்த நாலு சதவீத இடைவெளியில்தான் விஓ2 (உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) முழுவதும் நிற்கிறது, அதனால் ஆக்சிஜன் சென்சர் அந்தச் சதவீதத்தில் வெறும் 0.1 பிசகினாலே விடை ஏறக்குறைய 3% நகர்ந்துவிடும். காற்றின் அளவை எடுக்கும் ஃப்ளோ சென்சரின் பிழை அப்படியே இதன் மேல் ஏறும். அப்புறம் சாம்பிள் லைன் என்ற மெல்லிய குழாய் வழியாகக் காற்று, அதன் வாயுக்களை அளக்கும் அனலைசருக்குப் போய்ச் சேரும் தாமதம், அதை மென்பொருள் சரியாக ஈடுகட்டவில்லை என்றால் மூச்சு வேகமாக வாங்கும் கட்டத்தில், அதாவது நமக்கு மிகவும் தேவையான அந்தக் கடைசி நிமிடங்களில்தான், பிழை பெரிதாகும்.

காலிபரேஷன் (தெரிந்த அளவை வைத்து மெஷினைச் சரிபார்ப்பது) 'பாஸ்' என்று திரையில் வந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஃப்ளோ சென்சரைச் சரிபார்க்கும் 3 லிட்டர் சிரிஞ்சில் போவது அறையின் காற்று. நோயாளியின் மூச்சோ சூடும் ஈரமுமாக வருகிறது. காலையில் பாஸான சென்சர், சோதனை முடிவதற்குள் ஈரம் கோர்த்து வேறு எண் காட்டுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மின்வேதியியல் ஆக்சிஜன் செல் என்றால் அது வயதாக ஆக மெதுவாகும், இதையும் பாஸ் என்ற சொல் காட்டிக்கொடுக்காது.

நான் உண்மையில் நம்புவது ஆளை வைத்துச் செய்யும் சோதனையை. சோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஆரோக்கியமான ஒருவர் 25 வாட், 75 வாட் என்று இரண்டு லேசான சுமைகளில், மூச்சு நிலைப்படும் வரை மிதிப்பார். ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மி.லி. ஆக்சிஜன் என்பதால் இரண்டுக்கும் இடையே 500 மி.லி. அளவு வித்தியாசம் வர வேண்டும். அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து விலகினால் அன்றைக்கு நோயாளியை ஏற்றுவதில்லை. சைக்கிளின் வாட் தப்பாக இருந்தாலும் இதில் பிடிபடும். இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான சோதனை வேறு கிடையாது, இருந்தும் இதைத் தவறாமல் செய்யும் கூடங்கள் குறைவு என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மெஷின்களை ஒப்பிடும்போது சென்சர் வகை மட்டும் பிரச்சினை இல்லை. உச்ச விஓ2-வை ஒன்று 10 விநாடி சராசரியில் கொடுக்கும், இன்னொன்று 30 விநாடியில். குறுகிய சராசரி பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். இதய மாற்று பற்றிப் பேசும்போது உச்ச விஓ2 உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 14 மி.லி. என்ற எல்லைக்கோடு (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு 12) முன்னே வரும். அங்கே மெஷினால் 10% மாறினாலே 1.4 மி.லி., ஒருவரைக் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ள அது போதும்.

அதனால் புது மெஷின் வந்தால் பழையதை உடனே அனுப்பிவிடாதீர்கள். அதே ஆட்களை இரண்டிலும் அதே சுமைகளில் மிதிக்க வைத்து வித்தியாசத்தை எழுதி வையுங்கள், ரிப்போர்ட்டில் மெஷினின் பெயரையும் சராசரி எடுத்த விநாடிகளையும் போடுங்கள். வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு மூச்சின் மூலத் தரவையும் வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் நான் வாங்க மாட்டேன்.